திருவாலங்காட்டுச் செப்பேட்டு வாசிப்பும் செயலிழந்த குறுவிசையும்

முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, பழையனூர்க் கொடையை வடமொழியிலும் தமிழிலுமாகப் பதிவு செய்கிறது. இதன் மின்பதிப்பை என்விடிஏ திரைவாசிப்பான் வழிப் பயிலும் பார்வையற்ற ஆய்வாளர், பகுதிதோறும் குரலை மாற்றக் குறுநிரல் ஒன்றை எழுதிக்கொள்ளலாம். அது இயங்காவிடின், தேவநாகரியில் அமைந்த சுலோகங்களைத் தமிழ்க் குரல் சிதைக்கவோ விட்டுவிடவோ கூடும். பாடவேறுபாடு நோக்குவார்க்கு இது சிறு இடர் அன்று.

நிரலைத் திருத்தப் புகுமுன், விசை எதனைச் சென்று சேர்கிறது என அறிதல் வேண்டும். இன்சர்ட்டுடன் 1-ஐ அழுத்தினால் உள்ளீட்டு உதவி தொடங்கும். அதன்பின் அழுத்தும் விசையின் பணி, நிகழாமல் அறிவிக்கப்பெறும். இச்சோதனையை வேர்டு சாளரத்திலிருந்தே செய்தல் வேண்டும் என்பது எளிதில் மறக்கப்படுவது. வேறொரு பணி ஒலித்தால் அது விசை மோதல்: பொதுச் செருகுநிரல் செயலிக்குரிய நிரலை முந்துவதால், வேர்டுக்கென எழுதியது மறைக்கப்படலாம். விசையின் பெயர் மட்டுமே ஒலித்தால், குறுநிரல் ஏற்றப்படவில்லை அல்லது விசையோடு பிணைக்கப்படவில்லை. ஏற்றத்தில் பிழையெனின், இன்சர்ட்டுடன் எஃப்1 திறக்கும் பதிவேட்டில் பைத்தான் பிழைச்செய்தி இருக்கும். பணி முறையாக அறிவிக்கப்பெற்றும் குரல் மாறவில்லையெனின் குறை விசையில் இல்லை. குறுநிரல் கோரும் குரல் அக்கணினியில் நிறுவப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும்.