பழைய வீட்டுக்குப் புது வண்ணம்

வீட்டுக்கு நிறம் பூசுவது எளிய காரியமென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கடைக்குச் சென்று வண்ண அட்டையைப் புரட்டி, கண்ணுக்குப் பிடித்த ஒரு சதுரத்தின் மீது விரலை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது எண்ணம். புதிதாகக் கட்டிய வீட்டுக்கு இஃது ஓரளவு பொருந்தலாம். பாட்டிக்குச் சீதனமாக வந்து, தாயார் வாழ்ந்து, இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் பழைய வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே நிறத்தைத் தெரிவு செய்யுமுன் சுவரை அறிதல் வேண்டும். இன்றேல், அழகுக்கென்று செலவிட்ட பணமே சுவருக்குக் கேடாக முடியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய வீடுகள் இன்னும் பல உள. நாற்சார் முற்றமும், தூண் நிறுத்திய விறாந்தையும், ஓட்டுக் கூரையும் உடைய அவற்றுட் சில போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. 2009ஆம் ஆண்டின் பின்னர் அவற்றிற் பலவற்றில் மீண்டும் விளக்கேறியது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்ப, ஊரிலுள்ள பெற்றோர் வேலையைத் தொடங்குகின்றனர். மகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பி அந்த நிறம் என்பார். மகள் வேறொரு படத்தை அனுப்புவார். தாயாருக்கோ பழைய மஞ்சளே வேண்டும். இவ்விவாதத்திற் சுவரின் பக்கம் நின்று பேசுவார் ஒருவருமிலர்.

சுவர் மூச்சு விட வேண்டும்

குடாநாட்டின் பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. கல்லைச் சூளையிற் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினர். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகின்றது. மாணவர்கள் இரசாயனப் பாடத்திற் கற்கும் மாற்றமே அவர்கள் வீட்டுச் சுவரிலும் நிகழ்ந்துள்ளது.

இச்சுவர் நுண்டுளைகள் நிறைந்தது. மாரியில் நிலத்திலிருந்து ஏறும் ஈரம், வெயில் கண்டதும் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறும். அதன் மேல் காற்றும் ஆவியும் புகாத எனாமலையோ தடித்த பூச்சையோ பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சின் அடியிற் படிகமாகித் திரண்டு சாந்தைத் தள்ளும். முதலிற் கொப்புளம், பின்னர் உரிவு, அதன் பின்னர் சாந்தே பொரிந்து விழுதல் என இது முறையாக நடைபெறும். உடைந்த இடத்தைச் சீமெந்தினால் அடைப்பதும் இதே தீங்கையே செய்யும்.

நம் சுவர் எத்தகையது என்று அறிவது கடினமன்று. கண்ணிற் படாத ஒரு மூலையிற் கத்தி முனையாற் சிறிது சுரண்டிப் பார்க்கலாம். வெண்மையாய், மிருதுவாய், மாவாக உதிர்ந்தாற் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாய்க் கடினமாக இருந்தாற் சீமெந்து. அவ்விடத்திலேயே பழைய பூச்சுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். தாயார் கேட்கும் மஞ்சள் மூன்றாம் அடுக்கில் இருக்கவும் கூடும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே உற்ற துணை. அதில் காவியையும் மஞ்சட் காவியையும் கலந்து நிறம் பெறலாம். இவை இரும்பின் ஒட்சைட்டுகள் ஆதலால் சுண்ணாம்பின் காரமும் கடுவெயிலும் இவற்றை எளிதில் வெளிறச் செய்வதில்லை. முன்னரே எமல்ஷன் பூசிய சுவரிற் சுண்ணாம்பு நன்கு பற்றாது. அங்கே உரிந்தவற்றை அகற்றியபின், ஆவியை வெளிவிடும் தன்மையுள்ள பூச்சைக் கேட்டு வாங்குதல் நன்று. சீமெந்துச் சுவராயின் வெளிப்புற எமல்ஷன் பொருந்தும்.

முன்னரே உள்ள நிறங்கள்

சுவரை அறிந்தபின் வீதியில் நின்று வீட்டைப் பார்ப்போமாக. மழையும் பாசியும் பட்டுக் கருஞ்சிவப்பாகிய ஓடு, முற்றத்துச் செம்மண், வேம்பின் பச்சை, கதவின் மர நிறம் ஆகியவற்றை நாம் மாற்றப் போவதில்லை. சுவரின் நிறம் இவற்றோடு உறவாட வேண்டும். பாலாடை நிறம், இளமஞ்சள், வெளிறிய காவி ஆகியன செவ்வோட்டின் கீழ் அமைதியாக நிற்கும். பளிச்சென்ற ஊதாவும் இளஞ்சிவப்பும் ஓட்டோடு சண்டையிடும். தூய வெள்ளை நண்பகலிற் கண்ணைக் கூசச் செய்வதால், அதிற் சிறிது மஞ்சட் காவி கலப்பது நலம். கடுநிறங்கள் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சி அறையையும் சூடாக்கும்.

சுவருக்கு ஒன்று, தூணுக்கும் விளிம்புகளுக்கும் அதனினும் இளையது ஒன்று, கதவு யன்னல்களுக்கு ஒன்று என மூன்று நிறங்கள் போதும். சுவரின் அடியில் 2 அடி உயரத்துக்குக் காவி பூசினால், மழையில் தெறிக்கும் செம்மண் கறையாகத் தோன்றாது. செவ்வெள்ளைப் பட்டை கோயில் மதிலுக்கு உரியது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

அட்டையில் உள்ள சிறு சதுரத்தை நம்பி முடிவு செய்தல் ஆகாது. பெருஞ்சுவரில் அதே நிறம் மிகுந்து தோன்றும். சுண்ணாம்பு நிறமோ ஈரத்திற் கடுமையாய் இருந்து, உலர்ந்ததும் வெளிறிவிடும். ஆகையால் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் 3 அடிச் சதுரமாகப் பூசி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சில நாட்கள் பார்த்தல் வேண்டும். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு அச்சதுரத்தின் படத்தை அனுப்பினால் விவாதமும் குறையும்.

காலமும் கணக்கும்

தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம்மவர் வழக்கம். ஈரச்சுவரிற் பூசக்கூடிய சுண்ணாம்புக்கு அது பொருந்தியது. எமல்ஷனுக்கு அது பொருந்தாது. ஐப்பசி முதல் மார்கழி வரை நனைந்த சுவர் அதற்குள் முற்றாக உலர்வதில்லை. பங்குனி வரை பொறுத்திருந்து, சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டைப் புதுப்பித்தலே அறிவுடைமை.

வாங்குமுன் கணக்கிடுவோம். வீட்டின் சுற்றளவு 160 அடி, சுவரின் உயரம் 10 அடி எனின் பரப்பு 1,600 சதுர அடி. கதவு யன்னல்களுக்கு 200 கழித்தால் 1,400. இரண்டு பூச்சுக்கு 2,800. தகரத்தில் 1 லீற்றர் 100 சதுர அடிக்கு எனக் குறித்திருப்பின் 28 லீற்றர் வேண்டும். கரடான பழைய சுவர் மிகுதியாகக் குடிக்குமாதலால் சிறிது கூடுதலாகவே, ஒரே தொகுதி எண்ணில் வாங்க வேண்டும்.

கதவு யன்னல்களின் பழைய பெயின்ற்றிற் கவனம் தேவை. முற்காலப் பெயின்ற்றுகள் பலவற்றில் ஈயம் இருந்தது. அதனை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்த்து, தூசைச் சேர்த்து அகற்றி, வேலை முடியும்வரை சிறுவரை அப்பால் வைத்தல் வேண்டும்.

இவை யாவற்றிலும் முந்தியது ஒன்றுண்டு. ஓட்டின் ஒழுக்கையும் பீலியின் உடைவையும் முதலிற் சீர்செய்தல் வேண்டும். மேலிருந்து நீர் இறங்கும் சுவரில் எந்த நிறமும் நில்லாது. பணம் மட்டாயின் இவ்வாண்டு கூரைக்குச் செலவிட்டு, சுவருக்கு வெறும் சுண்ணாம்பை அடித்து வைப்போம். மஞ்சளா, காவியா என்பதை அடுத்த பங்குனியில், குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து தீர்மானிக்கலாம்.