எருக்கஞ்செடி அருகே ஒரு கேமரா

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைகளில் எருக்கஞ்செடி மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று நிதானமாகச் சுற்றிவரும். முன்னிறகின் நுனி கறுப்பு. அதில் வெள்ளைப் பட்டை. அதுதான் வெந்தய வரியன். பறவைகள் உலவும் இடத்தில் அதற்கு அவசரமே இல்லை. காரணம் என்ன?

இதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலிலுள்ள நச்சுப்பொருள் பூச்சியின் உடலிலும் தங்கிவிடுகிறது. ஒரு முறை அதைத் தின்று அவதிப்பட்ட பறவை, மறுமுறை அந்த நிறத்தை நாடாது.

இனிதான் வேடிக்கை. டனாய்டு எக்ஃபிளை என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் புழுவுக்கு உணவு பருப்புக்கீரை போன்ற செடிகள். எருக்கின் நஞ்சு அதற்கு இல்லை. ஆனால் அதன் பெண் வெந்தய வரியனைப்போல் வேடமிட்டுத் தப்பிக்கிறது! ஆணோ கறுப்பு இறகில் வெண்திட்டுகள் கொண்டது. இத்தகைய போலி வேடத்தை, அமேசான் காடுகளில் ஆராய்ந்த ஹென்றி பேட்ஸ் 1862-இல் விளக்கினார்.

பறவை ஏமாறலாம், நாம் ஏமாறலாமா? பின்னிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அதன் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலிக்கு மேல் ஓரத்தில் ஒரே புள்ளி. பறக்கும்போது இதை எண்ண முடியாது. படம் எடுத்தால் எண்ணலாம். கைப்பேசிக் கேமராவே போதும்.

காலை வெயில் ஏறும் வேளையில் செல்லுங்கள். உடலைச் சூடாக்கிக்கொள்ள வண்ணத்துப்பூச்சி இறகை விரித்து உட்கார்ந்திருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் பறந்துவிடும். மெல்லக் குனிந்து நெருங்குங்கள். மிக அருகில் எடுக்கும்போது, கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஆகவே கேமராவை இறகின் பரப்புக்கு இணையாகப் பிடித்தால் இறகு முழுதும் தெளிவாக விழும். இறகு அசைவதால் 1/500 விநாடி வேகம் நல்லது. விரித்த இறகு ஒன்று, மூடிய இறகு ஒன்று என இரு படங்கள் எடுங்கள்.

தேதி, நேரம், இடம், உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். முன்பு வண்ணத்துப்பூச்சியை ஆராய விரும்பியவர்கள் வலையில் பிடித்து, கொன்று, ஊசியில் குத்தி வைத்தார்கள். படத்தில் பிடித்தால் அது பறந்து போய் முட்டையிடும்.

நாளை அந்த மனையில் வீடு எழும்பலாம், எருக்கு வெட்டப்படும். எருக்கு போனால் அதை நம்பிய புழுவும் போகும். அங்கே இந்தப் பூச்சி வாழ்ந்தது என்பதற்கு உங்கள் படமும் குறிப்பும் சான்றாக நிற்கும். நாளைக் காலையே தொடங்குங்கள்!