டெபாசிட் பணம் முழுதாகத் திரும்ப வேண்டுமா? போட்டோ மட்டும் போதாது!

விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்பும் குடும்பங்கள் இப்போதெல்லாம் லாட்ஜில் மட்டும் தங்குவதில்லை. இன்டர்நெட்டில் தேடி, தனியார் வீடு அல்லது காட்டேஜ் ஒன்றை இரண்டு மூன்று நாட்களுக்கு முழுதாக வாடகைக்கு எடுக்கிறார்கள். சமையலறை, பிரிட்ஜ், டி.வி., கீசர் என எல்லா வசதியும் கிடைக்கிறது. கூடவே ஒரு தலைவலியும் வருகிறது. அதுதான் டெபாசிட்.

வாடகை போக ஐயாயிரமோ பத்தாயிரமோ முன்கூட்டியே வாங்கி வைத்துக் கொள்வார்கள். ஒன்றும் உடையாமல் இருந்தால் கிளம்பும்போது திருப்பித் தர வேண்டும். உடைந்திருந்தால் அதற்கான தொகையைக் கழித்துக் கொள்வார்கள். "இது ஏற்கெனவே உடைந்திருந்தது" என்று நீங்களும், "நேற்று வரை நன்றாக இருந்தது" என்று வீட்டுக்காரரும் சொன்னால் என்ன செய்வது? அங்கேதான் சண்டை ஆரம்பம்.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய உண்டு. இந்தச் சண்டைகள் இன்று போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் செய்தி, இமெயில் ஆகியவற்றை வைத்தே முடிவாகின்றன. இவை எல்லாமே பைல்கள். எந்த பைல் நம்பத் தகுந்தது, எது இல்லை என்று தெரிந்தவருக்குப் பணம் திரும்புகிறது.

மன்ஹாட்டனில் நடந்தது

2025 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. லண்டனைச் சேர்ந்த ஒரு பெண், படிப்புக்காக நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஏர்பிஎன்பி மூலம் ஒரு வீட்டை இரண்டரை மாதத்திற்கு எடுத்தார். அந்தப் பகுதி பாதுகாப்பாகப் படாததால் ஏழு வாரத்தில் காலி செய்தார். அதன் பிறகு வீட்டுக்காரர், மேஜையில் விரிசல், மெத்தையில் கறை என்று பட்டியல் போட்டு, 12,000 பவுண்டுக்கு மேல் சேதம் என்று போட்டோக்களுடன் புகார் செய்தார். ஏர்பிஎன்பி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, 5,314 பவுண்டு கட்டும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னது.

அவர் அந்த போட்டோக்களை ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே மேஜையின் இரண்டு படங்களில் விரிசல் ஒரே மாதிரி இல்லை! படங்கள் செயற்கை நுண்ணறிவு மூலமோ வேறு வகையிலோ மாற்றப்பட்டவை என்று மேல்முறையீடு செய்தார். நாளிதழும் தலையிட்டுக் கேள்வி கேட்ட பிறகு ஏர்பிஎன்பி அவருடைய முறையீட்டை ஏற்றது. வீட்டுக்காரர் கொடுத்த படங்களைச் சரிபார்க்க முடியவில்லை என்று கூறியது. கடைசியில் அவர் கட்டிய 4,269 பவுண்டையும் முழுதாகத் திருப்பிக் கொடுத்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? விரிசல் இல்லாத மேஜையில் விரிசலை வரைய இன்று போட்டோஷாப் படித்திருக்க வேண்டியதில்லை. மொபைல் போனிலேயே நொடியில் செய்யலாம். விரிசலை அழிக்கவும் அதே போனால் முடியும். ஆகவே "என்னிடம் போட்டோ இருக்கிறது" என்று சொல்வதற்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. அந்தப் போட்டோ எப்போது எதிர்த்தரப்பின் கைக்குப் போனது என்பதே முக்கியம். சண்டை வருவதற்கு முன்பே அனுப்பிய படத்தை, சண்டைக்காகத் தயாரித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

போட்டோவுக்குள் என்ன இருக்கிறது?

டிஜிட்டல் கேமராவோ மொபைலோ எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும், எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் போன்ற தகவல்கள் அதே பைலுக்குள் எழுதப்படுகின்றன. லொகேஷன் வசதியை இயக்கியிருந்தால் இடமும் பதிவாகும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995ல் ஜப்பானில் உருவான தரம் இது.

இதை நீங்களே பார்க்கலாம். படத்தை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்யுங்கள். அங்கே "டேட் டேக்கன்" என்ற வரியில் படம் எடுத்த நேரம் இருக்கும். போல்டரில் தெரியும் "டேட் கிரியேட்டட்" என்பதுடன் இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். அது அந்த பைல் உங்கள் டிஸ்க்கிற்கு வந்த நேரம். ஒவ்வொரு முறை காப்பி செய்யும்போதும் மாறும்.

ஆனால் எச்சரிக்கை! எக்ஸிஃப் தகவலையும் மாற்ற முடியும். அதற்கென்றே இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. போனில் தேதியைத் தப்பாக வைத்துவிட்டு எடுத்தால் தப்பான தேதிதான் பதிவாகும். படத்தின் மூலையில் தேதியும் ஊர்ப் பெயரும் அச்சிட்டுக் கொடுக்கும் ஆப்கள் இருக்கின்றன. அவையும் இதைவிட உறுதியான சாட்சி அல்ல. எக்ஸிஃப் உங்களுக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் கவனிக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு போட்டோவை அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிவிடும். எக்ஸிஃப் தகவலும் போய்விடும். இதற்கு எளிய வழி உண்டு. கேலரி வழியாக அனுப்பாமல், பேப்பர் கிளிப் ஐகானைத் தட்டி "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பைல் அப்படியே போகும்.

அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் நிறுத்திவிடுங்கள். முடிந்தால் அதே படங்களை இமெயிலிலும் அனுப்பி வையுங்கள். அனுப்பிய இமெயிலை அனுப்பியவர் பிறகு திருத்த முடியாது. தேதியும் நேரமும் இருவர் பெட்டியிலும் இருக்கும். இணைய தளம் மூலம் வீடு பிடித்திருந்தால் அந்தத் தளத்தின் மெசேஜ் பகுதியிலேயே அனுப்புவது எல்லாவற்றையும் விட நல்லது. பிறகு பஞ்சாயத்து செய்யப் போகிறவர்கள் அவர்கள்தானே!

போனதும் செய்ய வேண்டியவை

1. சாவி கையில் வந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன், வாசலில் ஆரம்பித்து ஒரே வீடியோவாக வீடு முழுவதையும் எடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் சந்தேகத்திற்கு இடம் உண்டு.

2. டி.வி.யை ஆன் செய்து திரையைக் காட்டுங்கள். கீசர், அடுப்பு, பிரிட்ஜ், குழாய், பிளஷ், கதவுத் தாழ்ப்பாள், மெத்தையின் மேற்புறம், கண்ணாடிகள் ஆகியவற்றைத் தவறாமல் எடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இவற்றில்தான்.

3. ஏற்கெனவே உடைந்தது, கறை படிந்தது எதுவானாலும் தனியாக இரண்டு போட்டோ எடுங்கள். ஒன்று கிட்டத்தில், ஒன்று எந்த அறை என்று தெரியும்படி தூரத்தில்.

4. ஒரு மணி நேரத்திற்குள் அவற்றை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். "சார், நாங்கள் வந்துவிட்டோம். ஹாலில் மூன்றாவது நாற்காலியின் கால் ஆடுகிறது. உங்கள் தகவலுக்கு" என்று நாலு வரி போதும். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம்.

5. கிளம்பும்போது அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுத்து, அன்றே அனுப்புங்கள்.

சென்ற ஆண்டு அலுவலக நண்பர்கள் ஆறு பேர் கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் எடுத்தோம். டெபாசிட் பத்தாயிரம். ஊர் திரும்பிய மறுநாள், கண்ணாடி அடுப்பில் விரிசல் என்று ஆறாயிரத்தைப் பிடித்துக் கொண்டார் வீட்டுக்காரர். நான் முதல் நாள் மதியமே அனுப்பிய படத்தில் அந்த விரிசல் இருந்தது. அதற்கு என் போனில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. அதைச் சுட்டிக் காட்டி மரியாதையாக எழுதினேன். விசாரித்தபோது, அது முந்தைய வாரம் தங்கியவர்களின் வேலை என்று தெரிந்தது. காவலாளி அவரிடம் அப்போது சொல்லவில்லை. அன்று மாலையே மீதிப் பணம் வந்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. வீடு மலையில், அவர் இருப்பது வேறு ஊரில். போனில் கேட்டதை நம்பினார். இது போன்ற தகராறுகளில் பலவற்றுக்கும், பதிவு இல்லாததே காரணம்.

பணம் கட்டும்போது

டெபாசிட்டை வாடகையுடன் சேர்த்து ஒரே தொகையாக அனுப்ப வேண்டாம். யு.பி.ஐ. மூலம் தனியாக அனுப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் "திரும்பப் பெறும் டெபாசிட்" என்று போடுங்கள். எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் பதிவு செய்தால் முறை வேறு. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தனியாக டெபாசிட் வாங்க அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. சேதம் இருந்தால் விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் தளத்தின் வழியே கேட்க வேண்டும். பதில் சொல்ல விருந்தினருக்கு 24 மணி நேரம் தருகிறார்கள். ஆகவே திரும்பி வந்த பிறகும் இரண்டு வாரம் அந்த மெசேஜ்களைப் பார்த்து வாருங்கள். வீட்டுக்காரர் "நேரடியாக என் எண்ணுக்கு டெபாசிட் அனுப்புங்கள்" என்றால் தளத்திடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பைலுக்கும் கைரேகை உண்டு

ஊர் திரும்பியதும் கேபிள் மூலம் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஊர்ப் பெயரும் தேதியும் கொண்ட ஒரு போல்டரில் வையுங்கள். அவற்றைத் திருத்தவோ வெட்டவோ வேண்டாம். வேண்டுமென்றால் காப்பி எடுத்துக் காப்பியில் செய்யுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். எந்த பைலையும் கணக்கிட்டு 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தருவது "ஷா 256" என்ற முறை. இதை பைலின் கைரேகை எனலாம். படத்தில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். செவன் ஜிப் என்ற இலவச சாப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், பைலின் மேல் ரைட் கிளிக் செய்து அதன் மெனுவில் "சி.ஆர்.சி. ஷா" பகுதியில் இதைப் பெறலாம். விண்டோஸ் 11ல் முதலில் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" கிளிக் செய்ய வேண்டியிருக்கும். அந்த வரியைக் காப்பி செய்து அன்றே இமெயிலில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், பிறகு பைலை மாற்றவில்லை என்று காட்ட முடியும்.

இது கம்ப்யூட்டர்காரர்களின் விளையாட்டு அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் படிவத்தில் இந்தக் கைரேகைக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

எவ்வளவு கழிக்கலாம்?

"எது உடைந்தாலும் டெபாசிட் முழுவதும் போகும்" என்று சிலர் எழுதி வாங்குகிறார்கள். 1872ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74வது பிரிவில், ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. ஒரு டம்ளர் உடைந்ததற்குப் பத்தாயிரம் என்பது நியாயமாகாது. ஆறு வருடப் பழைய டி.வி.க்குப் புது டி.வி. விலை கேட்டால், வாங்கிய பில்லையும் பழுது பார்க்கும் செலவு மதிப்பீட்டையும் கேளுங்கள். புழக்கத்தில் தேய்ந்த பொருள் வேறு, உடைத்த பொருள் வேறு. அதே சமயம் உங்கள் பிள்ளை நிஜமாகவே உடைத்திருந்தால் நீங்களே முதலில் சொல்லி, நியாயமான தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

பேசியும் தீரவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 2025 ஜனவரி 1ல் தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி தளத்தின் மூலம் வீட்டிலிருந்தபடியே புகாரைப் பதிவு செய்யலாம். உங்கள் போல்டர் ஒழுங்காக இருந்தால் அப்லோட் செய்வது அரை மணி நேர வேலை.

வாடகைக்கு விடுபவர்களுக்கு

நம் வாசகர்களில் தோட்ட வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் இதே வழிதான். எக்ஸெல்லில் பொருட்களின் பட்டியல், வாங்கிய தேதி, விலை ஆகியவற்றை எழுதி, பில்லை ஸ்கேன் செய்து வையுங்கள். ஒவ்வொரு விருந்தினர் வரும் முன்பும் காவலாளியை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லி, அதை விருந்தினருக்கு நீங்களே அனுப்புங்கள். அவர் கிளம்பும் முன் வீட்டைச் சேர்ந்து சுற்றிப் பார்த்து, கழிப்பது எதுவானாலும் அங்கேயே சொல்லுங்கள். நல்ல விருந்தினர் மறுபடியும் வருவார்.

அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டும் முன் போனில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தேதியும் நேரமும் தானாக அமையும்படி செட்டிங் இருக்கிறதா? பத்து நிமிட வீடியோவுக்கு மெமரியில் இடம் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் நிம்மதியாகக் கிளம்புங்கள்!