காலுறையில் வெள்ளி

"கால் மணக்காது" என்று எழுதிய காலுறைகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். எட்டு மணித்தியாலம் சப்பாத்துடன் நின்று வேலை செய்பவர்களுக்கு நல்ல ஆசைகாட்டல்தான். விலையும் கூட. அவற்றில் சிலவற்றில் கலந்திருப்பது வெள்ளி. கொலுசில் உள்ள அதே வெள்ளி, ஆனால் ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வருவதிலும் சிறிய துணிக்கைகளாக. இதிலிருந்து கசியும் வெள்ளி அயன்கள், வியர்வையை நாறவைக்கும் பற்றீரியாக்களைக் கொல்கின்றன.

2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆறு வகைக் காலுறைகளை அலசிப் பார்த்தனர். சில வகைகளில் ஒருசில அலசலிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கியது குழாய்வழியே போகிறது!

அது போய்ச்சேரும் சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலைகாரர் பற்றீரியாக்களே. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் கூட்டம் இலகுவில் பாதிக்கப்படும். அதே ஆண்டு மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வில், லீற்றருக்கு 1 மில்லிகிராம் நனோ வெள்ளியே அவற்றின் வேலையைப் பெருமளவு தடுத்தது. நல்லகாலம், நிலையத்தினுள் பெரும்பகுதி கந்தகத்துடன் சேர்ந்து, வீரியம் குறைந்து, சேற்றில் படிகிறது. அந்தச் சேறு பல இடங்களில் வயலுக்கு உரமாகப் போகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

கனடாவில், ஒன்ராறியோவின் வடமேற்கே, 222ஆம் இலக்க ஏரியில் 2014, 2015இல் நனோ வெள்ளியை வேண்டுமென்றே விட்டு ஆராய்ந்தார்கள். மஞ்சள் பேர்ச் மீன்களின் உடலில் வெள்ளி சேர்ந்தது. அவை இரை தின்பதும் குறைந்தது, தொகையும் குறைந்தது.

வாங்குமுன் உறையில் 'சில்வர்', 'அன்ரிமைக்ரோபியல்' என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண காலுறையை நாளுக்கொன்றாக மாற்றி, சப்பாத்தையும் காயவிட்டால் மணம் பெரும்பாலும் அடங்கும். தீக்காயத்துக்கு மருத்துவர் தரும் வெள்ளி மருந்து வேறு விடயம், அதை நிறுத்திவிடாதீர்கள்.