நடைபாதையில் ஒரு கணக்கெடுப்பு

மும்பைக் குடிசைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களில் பலர், "ஊரில் இடமா இல்லை? இங்கே வந்து நடைபாதையில் ஏன் கிடக்கிறார்கள்?" என்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். 1985-ல் நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு ஜூலையில், ஓல்கா தெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது உச்சநீதிமன்றம். ஆனால் மழைக்காலம் கழிந்து, அக்டோபர் 31-க்குப் பிறகு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அகற்றப்படப் போகிறவர்கள் எத்தனை பேர்? 1976-ல் அரசு எடுத்த குடிசைக் கணக்கில் நடைபாதைவாசிகள் சேர்க்கப்படவே இல்லை.

அப்போது 'ஸ்பார்க்' என்ற அமைப்பு நடைபாதை மக்களையே துணைக்கு வைத்துக்கொண்டு சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். பெரும்பாலோர் வேலை செய்பவர்கள், அதுவும் நடந்தே வேலைக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தது. தொலைவில் குடியிருந்தால் ரயில் கட்டணமே கூலியைத் தின்றுவிடும். நடைபாதை அவர்களுக்கு வேலைக்கு அருகில் கிடைத்த ஒரே இடம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்று ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே திட்டமிட்டார்கள். துணியைக் கட்டி முழு அளவில் மாதிரி வீடு காட்டினார்கள். ஒரே அறை, 14 அடி உயரம், பாதியில் ஒரு பரண். இடம் சிறிதானாலும் உயரம் இருந்தால் இரண்டு அறையாகப் புழங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எந்தக் கட்டடக் கலைஞர் சொல்லிக் கொடுத்தார்? இவர்களோடு கைகோத்தவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-ல் இடிக்கப்பட்டது. 2000-ல் மகசேசே விருது பெற்றார்.

இன்றும் கணக்கெடுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. இலவச வீட்டுக்கு முதலில் 1995 ஜனவரி 1 எல்லைத் தேதி. பிறகு அது 2000 ஆயிற்று. அதற்குமுன் இருந்ததற்குக் காகிதம் வேண்டும். குடிசை இடிபடும்போதெல்லாம் காகிதமும் போய்விடும் என்பதை யார் யோசிக்கிறார்கள்? தாராவியில் 2024-ல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. இரும்பு ஏணி ஏறி மேலே குடியிருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் பணம் கட்டி.