முகத்தில் தடவியது காலில் வீங்கும்

"பொண்ணு கலர் எப்படிங்க?"

கோபிசெட்டிபாளையம் பக்கம் வரன் பேச்சில் ஜாதகம் பொருந்திய கையோடு வருகிற கேள்வி இது. "மாநிறமுங்க" என்று பதில் வரும். சொல்பவரின் குரல் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் இறங்கும். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் தண்ணீரில் நாற்று நட்டு, வெயிலில் மஞ்சள் வெட்டி வளர்ந்த குடும்பங்கள் அவை. பச்சை வயலுக்காக சினிமாக்காரர்கள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். வயல்தான் உள்ளூர், கதாநாயகி பெரும்பாலும் வெளியூர்.

குரல் இறங்கும் அந்த இடத்தில்தான் டியூப் வியாபாரம் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு களிம்பின் பெயரைச் சொல்வார். "பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிரும் கண்ணு." ஆகும். ஆபத்தே அது ஆவதுதான்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் ஆகியவை எல்லாம் ஸ்டீராய்டுகள். கரப்பான், சோரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தருபவை. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் சேர்ந்த கலவை மங்குக்குத் தருவது. அதற்கும் கால வரம்பு உண்டு. இவற்றை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். பயந்துபோய் மறுபடி அதே டியூபை வாங்குவார்கள். கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பது இப்படித்தான்.

2018 மார்ச்சில் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் 14-ஐ அட்டவணை எச்-இல் சேர்த்தது. அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுப்பது குற்றம். டியூபிலேயே அந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊரில் அதைப் படிப்பவர் யார்? சீட்டுக் கேட்கும் கடைக்காரரைத்தான் 'ரொம்பப் பேசறார்' என்கிறோம்.

இதைவிட மோசமான ஒன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பதிவு செய்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு துணை வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். கருப்பருக்கும் சிவப்பருக்கும் அதைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. சுரக்கும் அளவுதான் வேறு, அதைத் தீர்மானிப்பது மரபணு. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பாலுக்கு அதில் வேலை இல்லை. (ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆளை வெளுக்க வைக்கும் என்பதற்காக அல்ல.) பாதரசம் மெலனின் உற்பத்தியை மடக்கும்; பிறகு தோல் வழியே ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்கும். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும், கண்ணைச் சுற்றி உப்பும். முகத்தில் பூசிய கிரீமுக்கும் காலில் வந்த வீக்கத்துக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? துண்டு, தலையணை வழியாகக் குழந்தைக்கும் அது போகும்.

இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்கை வீட்டில் அளக்க முடியாது, லேபிளைப் பார்க்க முடியும். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் சாட்சி. பில்லோடு எடுத்துவைத்து, தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டை எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும். பிறகு மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு புகார்.

பணமும் போய் முகமும் போனவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணை அழைக்கலாம். ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. சில்லறைக் காசுக்கு வழக்கா என்று யோசிப்பவருக்கு டெல்லியில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 79 ரூபாய்க்கு ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் வாங்கியவர், சொன்னபடி சிவக்கவில்லை என்று 2013-ல் வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் விதித்து ஆணையிட்டது.

வீட்டுக்குள் விழும் சொல்லுக்கு என்ன வழி? இங்கே கவனம் தேவை. மனைவியின் நிறத்தைக் குத்திப் பேசுவது மட்டுமே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு சொல்லும் கொடுமை ஆகாது என்று 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதோடு கதவு மூடிவிடவில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இழிவுபடுத்துவதையும் கேலி பேசுவதையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதுகாப்பு உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். மாமியார் வீட்டில் மட்டுமல்ல, பிறந்த வீட்டில் அப்பனும் அண்ணனும் பேசினாலும் இது பொருந்தும். 181-ஐ அழைத்தால் பாதுகாப்பு அலுவலரிடம் வழிகாட்டுவார்கள். பள்ளியில் பிள்ளையை நிறம் சொல்லிக் கூப்பிட்டால் 14417, அல்லது 1098.

விளம்பரத் தர மன்றம் 2014-லேயே கருப்பு நிறத்தாரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரம் கூடாது என்றது. 1975-ல் வந்த ஒரு கிரீம் 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் படித்து வளர்ந்த நடிகை சாய் பல்லவி, பெருந்தொகை பேசப்பட்ட சிவப்பழகு விளம்பரம் ஒன்றை வேண்டாம் என்றார். கடையில் பெயர் மாறியதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

வரன் பேச்சில் வரும் அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. "எங்க பொண்ணு கருப்புங்க" என்று குரலை இறக்காமல் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போன தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சில வீடுகளில் முகூர்த்தத் தேதி பேசினார்கள்.