துக்கம் நகர மறுக்கும்போது

காலம் ஆற்றிவிடும் என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். பெரும்பாலானோருக்கு அப்படித்தான் நடக்கிறது. பத்தில் ஒருவருக்கு நடப்பதில்லை என்கிறது 2017-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு. பல மாதங்கள் கழிந்தும் முதல் வாரத்து வலி குறையாமல் இருக்கும். போனவரின் அலமாரியைத் திறக்கக்கூடக் கை வராது.

மருத்துவம் இதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறது. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஆறு மாதம் என்றும், 2022-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்றும் எல்லை வகுத்திருக்கின்றன. அழுகையையே நோயாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் நாள்கணக்கு மட்டும் போதாது: ஏக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கியிருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியிருக்க வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் இதற்கென வகுத்த சிகிச்சை, வாரம் ஒன்றாகச் சுமார் 16 அமர்வுகள் கொண்டது. இறந்தவரை மறக்கவைப்பது அதன் நோக்கமே அல்ல. துயரப்படுகிறவர் விலகி விலகி ஓடும் அந்த நேரத்துக்கே அவரைத் துணையோடு அழைத்துப் போகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இறப்புச் செய்தி வந்த நொடியை இப்போது நடப்பதுபோலச் சொல்கிறார்: போன் அடிக்கிறது, அண்ணன் பேசுகிறார், கால் தள்ளாடுகிறது. வேதனை எவ்வளவு என்று சிகிச்சையாளர் இடையிடையே எண்ணில் கேட்கிறார். பேச்சு பதிவாகிறது, வீட்டில் அதைத் தினமும் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் மனதுக்கு இதமான ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும், அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பிற்பகுதியில் இன்னொரு பயிற்சி. இறந்தவரிடம் மனதில் கிடப்பதைக் கேட்டுவிட்டு, அவருடைய இடத்திலிருந்து பதிலையும் தானே சொல்ல வேண்டும். ‘அன்று ராத்திரி நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கணும்’ என்று தன்னையே வதைத்துக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இதோடு, துக்கம் இவ்வளவு அழுத்தாவிட்டால் என்ன செய்ய ஆசை என்ற கேள்வியும் தொடக்கத்திலிருந்தே கூட வரும்.

2005-இல் வெளியான ஷியரின் ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதத்தினர் தேறினார்கள். வேறொரு உரையாடல் சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதத்தினர். மனச்சோர்வு மாத்திரை தனியாகத் துக்கத்தை அசைக்கவில்லை என்று 2016-இல் அவர் குழுவே கண்டறிந்தது.

ஆறு மாதம், ஓராண்டு என்பதெல்லாம் நோயைப் பெயரிட்டு வகைப்படுத்தத்தான். அவரோடு நானும் போயிருக்கலாம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் உதவி தேடுவதை மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.